கேள்விச் சுவரில் ஒரு மஞ்சள் சீட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் பாடம் நடத்தக் கூடாது. பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் எல்லாரும் ஓட வேண்டும். தலைமையாசிரியை எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து பிடித்த பிடி இது. "தேடல்" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சுவரைக் காலி செய்து "கேள்விச் சுவர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். மனதில் தோன்றும் கேள்வியைப் பிள்ளைகள் மஞ்சள் சீட்டில் தங்கள் கையாலேயே எழுதி, அடியில் பெயர் போட்டு அதில் ஒட்ட வேண்டும். அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துத்தான் டீச்சர் திட்டம் போடலாம். தன் இஷ்டத்துக்குத் தலைப்பு வைத்தால் திட்டத்தாள் போன வேகத்தில் திரும்பி வரும். "இது உங்க கேள்வி. பிள்ளையோட கேள்வி எங்க?" என்பார் தலைமையாசிரியை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைக் கட்டி மேய்த்தால் தெரியும் சேதி. இரண்டாம் வகுப்பு டீச்சரின் சுவரில் அந்த வாரம் இருந்தவை இவை: எப்ப மணி அடிக்கும்? பென்சில் சீவின தூளைத் தின்னா செத்துப்போவோமா? எங்க மாமாவுக்கு ஏன் கல்யாணம் ஆகல? டீச்சர் ஏன் எப்பவும் கத்தறாங்க? கடைசிச் சீட்டை டீச்சர் பார்த்த உடனே கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாள். மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாமாவின் கல்யாணத்தை வைத்து ஆறு வாரம் திட்டம் போட்டால் மாமாதான் சும்மா விடுவானா?

டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. ஐந்து வருஷமாக ஒப்பந்த வேலை. பதினொரு மாதம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். அந்த ஒரு மாதமும் அவள் குளிக்கப் போனாலும் போனைக் கூடவே எடுத்துக்கொண்டு போவாள். வீட்டில் ஓரகத்தி ஒருத்தி இருந்தாள், கணவனின் அண்ணன் மனைவி, அரசாங்கத்தில் நிரந்தர உத்தியோகம். "என்னம்மா, இந்த வருஷமும் டெம்பரரிதானா?" என்று காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கேள்வியா அது? ஊசி. கணவன் அதைக் காதில் வாங்காதவன் மாதிரி பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

இந்த வருஷம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. ஒன்றே ஒன்று. போட்டிக்கு இரண்டு பேர், இவளும் முதல் வகுப்பு டீச்சரும். ஆறாவது வாரக் கடைசியில் நிர்வாகக் குழு வந்து இரண்டு வகுப்புகளின் தேடலையும் பார்க்கும். யாருடையது பிடிக்கிறதோ அவருக்கு வேலை. மற்றவருக்கு அடுத்த வருஷம் போன் வராது என்று தலைமையாசிரியை ஜாடையாகச் சொல்லியும் விட்டார்.

முதல் வகுப்பு டீச்சர் வாய் நிறையச் சிரிக்கிற சின்னப் பெண். அவளுக்கு அதிர்ஷ்டம் பாருங்கள், அவள் வகுப்புப் பொடியன் ஒருவன், "மழை வந்தா என் நிழல் எங்க ஒளிஞ்சிக்குது?" என்று கோணல் மாணலாக எழுதி ஒட்டியிருந்தான். அவள் அதைப் பிய்த்துக்கொண்டு வந்து ஆசிரியர் அறையில் ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டினாள். "எப்படி கேட்டிருக்கான் பாருங்க அக்கா!" இவள், "ஆமாம்மா, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

திட்டக் கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான்கு மணி. பிள்ளைகள் போய்விட்டார்கள். டீச்சர் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சுவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். கலர் பெட்டியிலிருந்து ஒரு ஊதாப் பென்சில். அதை இடது கையில் பிடித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. பெரியவர்கள் உருகிப்போகிற குழந்தைக் கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "சத்தம் நின்னதுக்கு அப்புறம் எங்க போகுது?" என்று எழுதினாள். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சீட்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றன. அடியில் ஒரு பெயர் போட வேண்டும். அங்கேதான் பென்சில் நின்றது. யார் பெயரைப் போட்டாலும் மறுநாளே, "அய்யய்யோ, நான் எழுதல டீச்சர்!" என்று வகுப்பே அதிரக் கத்துவார்கள். போதாததற்குத் தலைமையாசிரியை, கேள்வி கேட்ட பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசாமல் விடமாட்டார்.

பேசாத பிள்ளை ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பூட்டு என்று பெயர். அம்மா அப்பா வைத்ததல்ல, ஆசிரியர் அறையில் இந்த டீச்சரே வைத்தது. ஒன்றரை வருஷமாக அந்தப் பள்ளியில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்குவாள். எழுதச் சொன்னால் எழுதுவாள். கீழே விழுந்து முட்டி கிழிந்தபோதுகூட வாயைத் திறந்து அழவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அவள் அம்மா ஒரு மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். "வீட்டுல வாய் ஓயாது டீச்சர், தூங்கும்போதும் பேசுவா" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள். எல்லா அம்மாவும் சொல்கிறதுதான் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள். இந்தப் பருவம் முடிவதற்குள் பிள்ளை ஒரு வார்த்தையாவது பேசாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கிற சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே இருந்த பிள்ளைகள் வேறு மாதிரி. அவர்களோடு இவளைச் சேர்த்தால் இருக்கிற பேச்சும் போய்விடுமே என்று அந்த அம்மா அழுதாள்.

டீச்சர் பூட்டின் நிஜப் பெயரைச் சீட்டின் அடியில் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் பூட்டு நிற்கிறாள்.

அம்மாவின் வேலை நாலரைக்குத்தான் முடியும். அதுவரை தினமும் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்திருந்தாள் போல. டீச்சரின் இடது கையையும் ஊதாப் பென்சிலையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்கற? எடுத்துட்டுப் போ" என்றாள் டீச்சர். பிள்ளை பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. டீச்சருக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. பிறகு, இது யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்று நினைத்துச் சீட்டைச் சுவரின் நடுவில் அழுத்தி ஒட்டினாள்.

கூட்டத்தில் அவள் திட்டத்தாளை விரித்தபோது தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "யாரு? அந்தக் குழந்தையா? அந்தக் குழந்தையா கேட்டுச்சு?" என்று மூன்று தரம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா மேடம். காலையில வந்து பாக்கறேன், சுவத்துல இருக்கு" என்றாள் இவள், குரலில் ஒரு நடுக்கத்தையும் சேர்த்து.

முதல் வகுப்பு டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பேசாத குழந்தை சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது என்றால் யாருடைய நிழல் அதற்கு முன்னால் நிற்கும்? "எழுத்துல தப்பே இல்லையே அக்கா" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"பேச்சு இல்லாத பிள்ளைங்களுக்கு எழுத்து நல்லா வரும்மா. உனக்கு அனுபவம் பத்தாது" என்று இவள் அவளை உட்கார வைத்துவிட்டாள்.

அன்றைக்கே தலைமையாசிரியை அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். அவள் மருந்துக்கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். சுவருக்கு முன்னால் நின்று அந்தச் சீட்டைப் படித்தாள். அப்புறம் விரலால் தடவினாள். அப்புறம் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்." டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்துக்கு அவளுக்குத் தான் ஏதோ நல்லது செய்துவிட்டதாகக்கூடத் தோன்றியது.

தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். தேடல் நாளில், நிர்வாகக் குழுவுக்கு முன்னால், பூட்டு தன் கேள்வியைத் தானே மைக்கில் வாசிக்க வேண்டும். ஒரே ஒரு வரி. வாசித்துவிட்டால் சிறப்புப் பள்ளிப் பேச்சே கிடையாது, அவள் இங்கேயே படிக்கலாம். "அவளோட கேள்வி. அவ வாசிப்பா. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டீச்சரும் ஆட்டினாள். பிள்ளை வாசித்தால் எல்லாருக்கும் லாபம்தானே?

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை முகம் சரியில்லை. வராந்தாவில் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது டீச்சர். வீட்டுல அவளக் கொஞ்சினேன், எப்படிடா கண்ணு இப்படி ஒரு கேள்வி கேட்டன்னு. நான் கேக்கவே இல்லங்கறா. நான் எழுதலங்கறா."

"வெக்கமா இருக்கும்ங்க."

"அது மட்டும் இல்ல டீச்சர். எனக்கு சொல்லவே நாக்கு கூசுது. நீங்கதான் எழுதினீங்களாம். இடது கையில எழுதினீங்களாம். உங்க மேலயே பழியப் போடறா."

டீச்சர் வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் மூச்சு திரும்பி வந்தது. அவள் சந்தேகப்பட்டு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள்!

"அப்படியா சொன்னா?" டீச்சர் சிரித்தாள், வருத்தமாக. "பரவாயில்லங்க, குழந்தைதானே. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு எல்லாரும் தன்னையே பாக்கறாங்கன்னா பயம் வந்துடும். தப்பிக்கறதுக்கு எதையாவது சொல்லும். ஆனா ஒண்ணு, பொய்ய மட்டும் வளரவிடாதீங்க. இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது."

"விடல டீச்சர். நல்லா நாலு வச்சேன். முதுகுல வெரல் பதிஞ்சிருச்சு" என்றாள் அந்த அம்மா. சொல்லும்போது கண் நிறைந்தது. "ஏழு வருஷத்துல அவ மேல நான் கை வச்சதே இல்ல."

டீச்சர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

தேடல் என்னவோ ஓகோவென்று நடந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்: டீச்சர் மோசமான டீச்சர் அல்ல. முதல் வாரம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பள்ளியைச் சுற்றி நடந்து, காதில் விழுந்த சத்தத்தையெல்லாம் படமாக வரைந்தார்கள். இரண்டாம் வாரம் காலி டப்பாக்களில் ரப்பர் பேண்டு மாட்டி இழுத்து, அது அதிர்வதை விரல் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் காகிதக் கோப்பையில் நூல் கட்டி டெலிபோன். ஒரு பஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தாள். அவர் இன்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிற விதத்தைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கடிகாரத்தைத் துணியிலும் பஞ்சிலும் காகிதத்திலும் சுற்றி வைத்து, எது சத்தத்தை விழுங்குகிறது என்று சண்டை போட்டார்கள். பொய்க் கேள்விக்குப் பின்னால் முப்பத்திரண்டு நிஜக் கேள்விகள் முளைத்துவிட்டன. சுவர் முழுக்க மஞ்சள்.

நூல் டெலிபோன் நாளில் ஒருத்தி பூட்டின் காதில் கோப்பையை வைத்து மறுமுனையிலிருந்து என்னவோ சொன்னாள். பூட்டு சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். பிறகு கோப்பையை வாய்க்குக் கொண்டு போனாள். உதடு அசைகிற மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர், "ஆங், பேசு பேசு! எல்லாரும் இங்க பாருங்க, பேசப் போறா!" என்று கத்தினாள். முப்பத்தொரு தலைகள் திரும்பின. கோப்பை கீழே இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் தினமும் இடைவேளையில் பூட்டுக்கு விளையாட்டு கிடையாது. டீச்சர் அவளை எதிரே நிறுத்தி அந்த மஞ்சள் சீட்டைக் கையில் கொடுப்பாள். "வாசி." பிள்ளை சீட்டைப் பார்க்கும். "ஒரே வரிடி. வாசிச்சுட்டு ஓடிப்போயிடலாம்." பிள்ளை டீச்சரைப் பார்க்கும். வெளியே மற்றதுகள் கூச்சல் போடுகிற சத்தம் கேட்கும். கெஞ்சிப் பார்த்தாள், மிட்டாய் காட்டினாள், ஸ்கேலை மேஜையில் ஓங்கித் தட்டினாள். "கல்லுளிமங்கி! உங்கம்மா உன்னால எவ்வளவு அழறாங்க தெரியுமா? உனக்கு இதயமே இல்லையா?" பூட்டு சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்பாள். மணி அடித்ததும் அதை மேஜையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள். இப்படியே நான்கு வாரம். மனசாட்சி என்று ஒன்று டீச்சருக்கு இருந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நாளாவது தூங்காமல் இருந்திருப்பாள். அவள் நன்றாகத்தான் தூங்கினாள். விடிந்தால் எண்ணுவது ஒன்றே: இன்னும் எத்தனை நாள்?

தேடல் நாள் வந்தது. கூடத்தில் நாற்காலி போட்டாயிற்று. நிர்வாகக் குழு முன் வரிசையில். முதல் வகுப்பின் நிழல்கள் முதலில் ஆடி முடித்தன, கைதட்டலும் பரவாயில்லை. அடுத்தது இரண்டாம் வகுப்பு. பூட்டின் அம்மா விடுப்பு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட புடவையில் வந்து வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மற்ற பிள்ளைகள் கூடத்துக்குப் போய்விட்டார்கள். வகுப்புக்குள் டீச்சரும் பூட்டும் மட்டும். டீச்சர் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு. கடைசியா சொல்றேன். மேடைல போய் நின்னு இந்த ஒரு வரிய வாசிக்கற. வாசிக்கலன்னா உன்ன வேற ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க. உங்கம்மா வெளிய நின்னு அழறாங்க. புரியுதா?"

பூட்டு சீட்டை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கழுத்தில் என்னவோ ஏறி இறங்கியது. டீச்சர் அதைப் பார்த்தாள். வாந்தி எடுக்கப் போகிறது என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லுங்க டீச்சர்."

கொஞ்சம் கரகரத்த குரல். சின்னக் குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது. டீச்சருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்றரை வருஷம்!

"என்னது? என்ன சொன்ன?"

"நான் பொய் சொல்லலன்னு எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டது அந்தப் பிள்ளை. அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. வேறு பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நான்கு வாரமாக அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொல்வதற்குத்தான் தம் கட்டியிருக்கிறது என்று டீச்சருக்கு இப்போது புரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தாய் நிற்கிறாள். கதவைத் திறந்து, "பேசிட்டா! உங்க பொண்ணு பேசிட்டா!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் பேசிய வாய் மறுபடியும் பேசும். மைக்கின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் எதைப் பேசும்? தலைமையாசிரியை குனிந்து, "இந்தக் கேள்வி உனக்கு எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்லும்? முதல் வகுப்பு டீச்சர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் ஓரகத்தியின் முகத்தை நினைத்தாள், காய் நறுக்கும் கையை நினைத்தாள். நினைத்து முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரி, நான் சொல்றேன்" என்றாள் பிள்ளையிடம். பிள்ளை அவளை நம்பியது. பெரிய பாரத்தை இறக்கி வைத்ததுபோல் ஒரு மூச்சு விட்டது.

டீச்சர் கதவைத் திறந்தாள். அந்த அம்மாவின் பக்கத்தில் தலைமையாசிரியையும் வந்து நின்றிருந்தார்.

"டீச்சர், பேசினாளா? ஏதாவது பேசினாளா?" அந்த அம்மா டீச்சரின் வாயையே பார்த்தாள்.

"இல்லங்க" என்றாள் டீச்சர். "எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். ஒரு வார்த்தை வரல. மேடைல ஏத்தினா குழந்தைக்குத்தான் அவமானம் மேடம். நானே வாசிச்சுடறேன்."

பூட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அந்த அம்மா குனிந்தாள். பிள்ளை காதோடு காதாக என்னவோ சொன்னது. நிமிர்ந்தவளின் முகம் குழம்பியிருந்தது.

"டீச்சர், உங்ககிட்ட பேசினேங்கறா. இப்பதான், உள்ள வச்சு. பேசினாளா டீச்சர்?"

இரண்டாவது வாய்ப்பு. இந்த மாதிரி எல்லாருக்கும் கிடைக்காது. தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். பிள்ளையும் பார்த்தது, இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் வைத்துக்கொண்டு.

டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்து பூட்டின் கன்னத்தைத் தடவினாள். "பாவம்ங்க" என்றாள். "பேசணும்னு அவளுக்கே அவ்வளவு ஆசை. பேசிட்டதா நெனச்சுக்கறா. திட்டாதீங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு அப்படி வரும்."

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப நாம நெனச்சதவிட இது பெரிசா இருக்கே" என்று முணுமுணுத்தார். அந்த அம்மா இந்தத் தடவை அடிக்கவில்லை. அடித்திருந்தாலாவது தேவலை. பிள்ளையை வாரி அணைத்து, "அப்படியாடா தங்கம்? ஆசையா இருந்துச்சா? அம்மா இனிமே கேக்கவே மாட்டேன்டா" என்று தலையில் முத்தம் கொடுத்தாள். தோளுக்கு மேலே தெரிந்த பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை. டீச்சர் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

அருமையாக வாசித்தாள். "இந்தக் கேள்வியக் கேட்ட குழந்தையால இன்னிக்கு இங்க வர முடியல" என்று ஆரம்பித்து, சரியான இடத்தில் குரலை உடைத்தாள். நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். நிழல்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளில் நிரந்தர ஆணை கைக்கு வந்தது. வீட்டில் கணவன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தான். ஓரகத்தி, "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள், சந்தோஷமே இல்லாமல். அதைக் கேட்க டீச்சர் ஐந்து வருஷம் காத்திருந்தாள். இனித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வாரம் அந்த அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். கூடவே பூட்டு, சீருடை இல்லாமல், சாதாரண கவுனில். தலைமையாசிரியை ஒரு கூட்டத்தில் இருந்ததால் படிவங்களை வகுப்பாசிரியையே கொடுத்து அனுப்பும்படி ஆயிற்று. டீச்சர் மேஜையில் விரித்து வைத்தாள். காரணம் என்ற இடத்தில் தலைமையாசிரியை ஏற்கெனவே எழுதியிருந்தார்: பேசுவதில்லை, நடக்காததை நடந்ததாகக் கற்பனை செய்கிறாள். அந்த அம்மா அதை மெதுவாகப் படித்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்துல ஒண்ணு" என்றாள் டீச்சர்.

அந்த அம்மா பேனாவை எடுத்தாள். எடுத்தவள் போடாமல் நின்றாள். பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தது.

"டீச்சர், இப்ப வீட்டுலயும் பேசறதில்ல."

டீச்சர் படிவத்தைச் சரியாக நகர்த்தி வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"அன்னிலேர்ந்துதான். இங்கேர்ந்து வீட்டுக்குப் போனோமே, அன்னிலேர்ந்து. சாப்பிடறியான்னா தலைய ஆட்டறா. தூக்கத்துல பேசுவாளே, அதுவும் இல்ல. பக்கத்துலயே படுத்து ராத்திரியெல்லாம் காதை வச்சுக் கேக்கறேன், ஒண்ணுமே இல்ல டீச்சர்." அவள் குரல் உடைந்தது. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குனிந்து கேட்டாள். "முன்ன ஒரு தரம் நான் அடிச்சேனே, பொய் சொல்றான்னு. அதனாலயா டீச்சர்? நான் அடிச்சதாலதான் இப்படி ஆயிட்டாளா?"

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கமிருந்து பிள்ளை மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது.

"இருக்கலாம்ங்க" என்றாள் டீச்சர். "நீங்க கை வச்சிருக்கக் கூடாது."

அந்த அம்மா தலையை ஆட்டினாள். காட்டிய இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள்.